பெறுபவர் கணக்கில் பற்று

பி.காம். முதல் வருஷம் கணக்குப்பதிவியல் வகுப்பில் உட்கார்ந்த யாரும் ஒரு விதியை மறந்திருக்க மாட்டார்கள். 'பெறுபவர் கணக்கைப் பற்று செய்க. தருபவர் கணக்கை வரவு செய்க.' வாங்கியவன் பெயரில் பற்று எழுது, கொடுத்தவன் பெயரில் வரவு எழுது. அவ்வளவுதான். மூன்று வருஷம் படித்ததில் முக்கால்வாசி மறந்துபோய்விட்டது. இது மட்டும் ஒட்டிக்கொண்டது. நோட்டில் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. மனசிலும் ஒட்டிக்கொண்டதுதான் வம்பு.

எப்படி என்று சொல்கிறேன்.

அந்த வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் ஒருவன். ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தான். 2018-ல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். டேபிள் மேல் ராஜினாமாக் கடிதம், இவன் பெயரிலேயே, அழகாக டைப் செய்து தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டுவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வயது நாற்பத்திரண்டு.

இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தான். "முப்பதாயிரம் இருந்தா குடுடா. ரெண்டு மாசத்துல திருப்பிடறேன்" என்றான். கொடுத்தேன். கொடுத்த அன்றைக்கு ராத்திரி எனக்கு என்னையே ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை ராத்திரி பிரியாணி பார்சல் வாங்க ஓர் ஓட்டலுக்குப் போனேன். உள்ளே மனைவி, மகளோடு அவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பார்த்தவுடனே என் மனசில் வந்த முதல் வாக்கியம் என்ன தெரியுமா? 'நம்ம காசுல பிரியாணியா?'

அவனும் என்னைப் பார்த்துவிட்டான். சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. நான் சிரித்துக் கையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால், நான் நினைத்தது அவனுக்குக் கேட்டுவிட்டது என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை.

நீங்கள் அப்படி ஒருமுறைகூட நினைத்ததில்லை என்றால் உங்களுக்கு என் வணக்கம். நான் நினைத்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் போன்ற ஆள் இப்படி நினைத்தால் அது அற்பத்தனம். அரசாங்கங்களும் நிபுணர்களும் இதையே நினைத்தால் அதற்குப் 'பொருளாதாரக் கொள்கை' என்று பெயர்! 'வேலை போனவனுக்கு உட்கார வைத்துக் காசு கொடுத்தால் அவன் எதற்கு வேலை தேடுவான்?' நூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது.

நாடு தழுவிய வேலையின்மை இன்ஷூரன்ஸை முதலில் சட்டமாக்கியது பிரிட்டன், 1911-ல். வாரம் ஏழு ஷில்லிங், அதுவும் வருஷத்துக்கு அதிகபட்சம் பதினைந்து வாரம். கட்டடம், கப்பல் கட்டுதல், இன்ஜினீயரிங் மாதிரி சில தொழில்களுக்கு மட்டும். தொழிலாளி, முதலாளி, அரசு மூன்று பேரும் பணம் போட்டார்கள். அமெரிக்காவில் 1935-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இது நாடு முழுக்கப் பரவியது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் வழக்கமாக 26 வாரம் வரை, பழைய சம்பளத்தில் ஏறக்குறைய பாதி கிடைக்கும்.

ஆரம்பித்த நாளிலிருந்தே, 'சோம்பேறியை வளர்க்கிறோமோ?' என்ற பயமும் கூடவே வந்தது. பயத்தோடு நிற்காமல் சிலர் சோதித்தும் பார்த்தார்கள். அந்தச் சோதனைகளின் கதை சுவாரஸ்யமானது. கொஞ்சம் கூட வாருங்கள்.

ஐந்நூறு டாலர் ஆசை

1984. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். வேலை போய், உதவித்தொகை கேட்டு வந்தவர்களைக் குலுக்கல் மாதிரி மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நாலாயிரம் பேர்.

முதல் கோஷ்டிக்கு வழக்கமான உதவித்தொகை மட்டும். இரண்டாவது கோஷ்டியிடம், "பதினோரு வாரத்துக்குள் வேலை தேடிக்கொண்டு, அதில் நாலு மாதம் நிலைத்துவிட்டால் உங்களுக்கு 500 டாலர் போனஸ்" என்றார்கள். அந்த நாளில் அது ஏறக்குறைய நாலு வார உதவித்தொகைக்குச் சமம். மூன்றாவது கோஷ்டிக்கும் அதே 500 டாலர்தான். ஆனால், பணம் தொழிலாளிக்கு இல்லை. அவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு!

ஒரே தொகை. யார் கையில் கொடுத்தால் வேலை சீக்கிரம் கிடைக்கும்? நீங்களே ஊகித்துப் பாருங்கள்.

தொழிலாளிக்குப் போனஸ் என்ற கோஷ்டி, சராசரியாக ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம் முன்னதாகவே உதவித்தொகையை விட்டு வெளியேறியது. அரசுக்கு லாபம்தான். போனஸாகக் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உதவித்தொகையில் இரண்டு டாலருக்கு மேல் மிச்சம். அவசரப்பட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் போய் மாட்டிக்கொண்டதாகவும் தெரியவில்லை.

முதலாளிக்குப் போனஸ் என்ற கோஷ்டியில்? வெள்ளையினப் பெண்களிடம் தவிர மற்றவர்களிடம் சொல்லும்படியாக எதுவுமே நடக்கவில்லை. அந்தக் கோஷ்டியில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட முதலாளிகள் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கவில்லை.

முதல் செய்தியைப் படித்ததும் சிலர் துள்ளிக் குதித்திருப்பார்கள். "பார்த்தீர்களா! காசு ஆசை காட்டினால் ஓடுகிறார்கள். அப்படியென்றால் அதுவரை சும்மாதானே உட்கார்ந்திருந்தார்கள்?"

நியாயமான கேள்விதான். தட்டிக் கழிக்க முடியாது. ஆனால், கணக்கு பார்க்கிற ஆள் முழுத் தொகையையும் பார்க்க வேண்டும் இல்லையா? உதவித்தொகையில் இருந்த காலம் சராசரியாகச் சுமார் இருபது வாரம். ஐந்நூறு டாலரைக் கண்ணுக்கு நேரே ஆட்டிக்காட்டியும் குறைந்தது ஒரு வாரம் சொச்சம். மிச்சம் பத்தொன்பது வாரத்தை அந்தப் பணத்தால் அசைக்க முடியவில்லை. அதையும் சோம்பேறித்தனம் என்று சொல்வீர்களா?

இன்னொரு விஷயம். போனஸுக்குத் தகுதி பெற்றவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கேட்டு வாங்கவே இல்லை. 'சும்மா வருகிற காசுக்கு அலைகிறவர்கள்' என்று நாம் நினைக்கும் கூட்டம், கையில் வரவேண்டிய காசை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டது!

வேலை தேடுவதற்கே நேரம் பிடிக்கும் என்பது பெரிய ரகசியம் இல்லை. நம் வீடுகளில் வரன் பார்க்கிறோமே, அது மாதிரி. ஊரில் பெண்ணும் இருக்கிறாள், மாப்பிள்ளையும் இருக்கிறான். ஆனாலும் இவருக்கு அவர் என்று அமைவதற்குள் இரண்டு செருப்பு தேய்கிறது. வேலைச் சந்தையில் இந்தத் தேடலைக் கணக்குப் போட்டுக் காட்டியதற்காகத்தான் டயமண்ட், மார்ட்டென்சன், பிஸ்ஸரைடிஸ் என்ற மூன்று பேருக்கு 2010-ல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். காலி இடம் ஒருபக்கம், வேலையில்லாதவர் இன்னொரு பக்கம் என்று இரண்டுமே ஒரே சமயத்தில் இருக்க முடியும். அதில் யார் மேலும் தப்பு இல்லாமலே இருக்க முடியும்.

ஆடித் தள்ளுபடியில் ஓர் ஆள்

முதலாளிக்குக் காசு கொடுத்தும் ஏன் பலிக்கவில்லை? இதற்கு இன்னும் கசப்பான ஒரு பதில் உண்டு. இல்லினாய்க்கு மூன்று நாலு வருஷம் முன்னால், 1980 கடைசியில், ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரத்தில் நடந்தது.

அங்கே சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஏழைகளுக்கான அரசு உதவியில் வாழ்ந்தவர்களை. ஒரு பகுதியினர் கையில் ஒரு வவுச்சர் கொடுத்தார்கள். 'இவரை வேலைக்கு எடுத்தால் முதல் வருஷச் சம்பளத்தில் பாதியையும், இரண்டாம் வருஷத்தில் கால் பங்கையும் அரசு தரும்' என்று அதில் இருந்தது. உச்சவரம்பு உண்டு. ஆனாலும் பெரிய சலுகை. இன்னொரு பகுதியினருக்கு வவுச்சர் கிடையாது. வெறுங்கையோடு தேட வேண்டியதுதான்.

முடிவு? வெறுங்கையோடு போனவர்களில் நூற்றுக்குச் சுமார் இருபது பேருக்கு வேலை கிடைத்தது. வவுச்சரோடு போனவர்களில் சுமார் பதின்மூன்று பேருக்கு!

தலைகீழாக அச்சாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். பாதிச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறான் என்று தெரிந்தபோது முதலாளி 'ஆஹா' என்று எடுத்துக்கொள்ளவில்லை. 'இவனை எடுக்க அரசாங்கமே காசு கொடுக்கிறதா? அப்படியென்றால் இவனிடம் ஏதோ கோளாறு' என்று முடிவு கட்டியிருக்கிறார். சோதனையை அலசிய பொருளாதார நிபுணர் கேரி பர்ட்லெஸ் 1985-ல் சொன்ன விளக்கம் இதுதான்.

நமக்கு இது புரியாததா என்ன? ஆடி மாதம் துணிக்கடையில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று போட்டிருந்தால் நாம் என்ன செய்கிறோம்? துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து எங்கே கிழிசல் என்று தேடுகிறோம். துணிக்கு அது வலிக்காது.

என் நண்பனை ஓர் இன்டர்வியூவில் கேட்டார்களாம்: "பத்தொன்பது வருஷம் வெச்சிருந்துட்டு ஏன் சார் அனுப்பிட்டாங்க?" கேட்டவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம். சாதாரணமாகத்தான் கேட்டாராம். இவன் பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தானாம். அனுப்பியவர்கள் காரணம் சொல்லியிருந்தால்தானே இவனும் சொல்ல?

அதற்காக மானியமே தப்பு என்று சொல்ல வரவில்லை. யாருக்கு மானியம் என்று ஒரு தனி மனிதனின் நெற்றியில் எழுதி ஒட்டும்போதுதான் விபரீதம். உதவி வாங்குகிறவன் முகத்தை ஊருக்குக் காட்டினால், கொடுத்த பணத்தைவிட அதிகமாக அவனிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம்.

மூச்சு விடுவதற்கு விலை

சரி, மறுபடியும் பழைய கேள்விக்கு வருவோம். கையில் காசு இருந்தால் வேலை தேடுவது தாமதமாகிறதா, இல்லையா?

ஆகிறது. மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்திரியாவில் ஒரு விதி இருந்தது. மூன்று வருஷம் வேலை பார்த்தவரைக் கம்பெனி அனுப்பினால் இரண்டு மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கையில் கொடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு மாதம் குறைந்தாலும் ஒன்றும் கிடையாது. ஆக, ஒரே மாதிரியான ஆட்கள். ஒருவர் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். கார்ட், செட்டி, வெபர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இவர்களை ஒப்பிட்டு 2007-ல் எழுதினார்கள். இரண்டு மாதச் சம்பளம் கிடைத்தவர்கள் வேலைக்குப் போகும் வேகம் சுமார் பத்து சதவிகிதம் குறைந்தது. சரி, பொறுமையாகத் தேடினார்களே, நல்ல சம்பளமாவது கிடைத்ததா? இல்லை. கிட்டத்தட்ட அதே சம்பளம்தான்.

'பார்த்தாயா!' என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஆனால், ஒரு நிமிஷம். அந்த இரண்டு மாதச் சம்பளம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் இல்லை. மறுநாளே வேலைக்குப் போனாலும் அது அவருடையதுதான். வேலைக்குப் போகாமல் இருந்தால்தான் காசு என்ற நிபந்தனையே இல்லாத காசு. அப்படியும் ஏன் தாமதித்தார்?

மூவரில் ஒருவரான ராஜ் செட்டி, 2008-ல் அமெரிக்கக் கணக்குகளை எடுத்து இதற்குப் பதில் சொன்னார். உதவித்தொகை கூடினால் தாமதம் கூடுவது யாரிடம்? வங்கியில் சேமிப்பு இல்லாதவர்களிடம். சேமிப்பு உள்ளவர்களிடம் உதவித்தொகை கூடியும் வேகம் பெரிதாக மாறவில்லை. எதனால்? அவர்களுக்கு ஏற்கெனவே மூச்சுவிட நேரம் இருந்தது. இல்லாதவருக்கு இப்போதுதான் அது கிடைத்தது. தாமதத்தில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது அவர் கணக்கு.

இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை போன ஒருவர். கையில் எட்டு மாதத்துக்கான சேமிப்பு, சொந்த ஃப்ளாட், மனைவிக்கும் வேலை. அவர் ஆறு மாதம் வீட்டில் இருந்தால் என்ன சொல்கிறோம்? "நல்ல ஆஃபருக்காக வெயிட் பண்றார்." அதே ஆறு மாதம் ஒரு ஃபாக்டரி கான்ட்ராக்ட் தொழிலாளி வீட்டில் இருந்தால்? "கிடைச்ச வேலையைச் செய்யாம ஒக்காந்திருக்கான்."

காத்திருப்பது ஒன்றுதான். ஒருவர் சொந்தச் சேமிப்பில் காத்திருந்தால் விவேகம், இன்னொருவர் பொதுப் பணத்தில் காத்திருந்தால் சோம்பேறித்தனம். இது ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பா, பேங்க் பாஸ்புக்கைப் பற்றிய தீர்ப்பா?

"அவர் பணம் அவர் சேர்த்தது. இவன் வாங்குவது என் வரிப்பணம்" என்று நீங்கள் சொல்லலாம். வித்தியாசம் உண்டுதான். ஆனால், இங்கேதான் 'இன்ஷூரன்ஸ்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கார் இடிபட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் க்ளெய்ம் வாங்குகிறோம். வாங்கிய வாரத்திலேயே குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனால் யாராவது 'எங்க பிரீமியத்துல பிரியாணியா?' என்று கேட்கிறார்களா? அமெரிக்காவில் இந்த நிதிக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் கம்பெனிகள்தான். அடிக்கடி ஆளைத் தூக்குகிற கம்பெனிக்கு வரி விகிதமும் ஏறும். ஆள் எடுத்துப் பத்து வருஷம் உழைப்பு வாங்கி, மார்க்கெட் சரிந்ததும் அனுப்பினால், அந்தச் செலவில் ஒரு பங்கு அனுப்பியவர் தலையில்தானே விழ வேண்டும்? அப்போது பற்று எழுத வேண்டிய பெயர் வேறாகிவிடுகிறது.

நின்று நின்று நடந்தவர்கள்

எல்லாம் சரி. காசு மட்டும் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. அதற்கும் ஆஸ்திரியாவிலேயே சாட்சி இருக்கிறது.

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்டால் என்று ஒரு குடியிருப்பு. ஊர் முழுக்க ஒரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, 1929-லும் 1930 ஆரம்பத்திலுமாக ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்களில் நாலில் மூன்று பங்கு வீடுகளில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசெல் என்ற இளம் ஆராய்ச்சியாளர்கள் குழுவாகப் போய் அந்த ஊரைக் கவனித்து 1933-ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. கொஞ்ச காலத்துக்குக் கொஞ்சம் பணம். பிறகு அதுவும் குறைந்து, நின்றுபோனவர்களும் உண்டு. நேரம்தான் ஏராளமாக இருந்ததே, ஊர் என்ன செய்திருக்கும்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது! ஆராய்ச்சியாளர்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் நடக்கும் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக, வழியில் நின்று நின்று போனார்கள். பல பேர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். பெண்கள் மட்டும் நிற்காமல் நடந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் வேலை போகவில்லையே!

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. படிக்கும்போது எனக்கு ஓட்டலில் என் நண்பன் கை நின்றது ஞாபகம் வந்தது. விறகு கிடைக்குமே என்று மரம் வெட்ட ஒத்தாசை செய்தவருக்கும், மவுத் ஆர்கன் வாசித்து நாலு காசு சம்பாதித்தவருக்கும் உதவித்தொகையை வெட்டிவிட்டார்கள். 'வேலை செய்தாயே, பிறகென்ன உதவி?' சும்மா இருந்தால் சோம்பேறி. எதையாவது செய்தால் ஏமாற்றுக்காரன். அந்த மனிதன் எங்கேதான் போவான்?

யஹோடா பிற்பாடு வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ந்தார். வேலை என்பது சம்பளம் மட்டும் தருவதில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம், வீட்டுக்கு வெளியே நாலு மனிதர்கள், 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளம், எல்லாம் சேர்த்துத் தருகிறது என்றார். சம்பளத்தைக் காசால் ஈடுகட்டலாம். மற்றதை?

தொண்ணூறு வருஷம் கழித்து, 2020 அக்டோபரில் அதே ஊரில் இன்னொரு சோதனை தொடங்கியது. நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்த எல்லோருக்கும், விருப்பப்பட்டால், சம்பளத்தோடு கூடிய வேலை உறுதி. முதலில் பயிற்சி, பிறகு மானியத்தோடு தனியார் வேலை, அது அமையாவிட்டால் ஊருக்குப் பயன்படும் வேலை. யாருக்கும் கட்டாயம் இல்லை. இதை அலசியவர்கள் பார்த்தபோது, சேர்ந்தவர்களின் வருமானம் கூடியிருந்தது. அதோடு அன்றாடத்துக்கு ஓர் ஒழுங்கும், ஊரில் ஒரு மரியாதையும் திரும்பி வந்திருந்தது. ஊரில் நீண்டகால வேலையின்மையே ஏறக்குறைய காணாமல் போனது.

டேட்டனில் இருந்ததும் மானியம்தான். இங்கே இருந்ததும் மானியம்தான். அங்கே ஒரு வவுச்சரைக் கையில் கொடுத்து, 'போய்க் கதவு கதவாகத் தட்டு' என்று தனியாக அனுப்பினார்கள். இங்கே ஊரில் அந்த நிலைமையில் இருந்த எல்லோருக்கும் சொல்லி, பயிற்சி கொடுத்து, கூடவே நடந்தார்கள். தனி ஆளை மட்டும் சுட்டிக்காட்டும் விரல் இல்லை.

நம் வீட்டில்?

நம் நாட்டில் இந்தக் கவலையே அதிகம் இல்லை. சோம்பேறியாக்கும் அளவுக்கு நாம் யாருக்கும் கொடுத்ததில்லை!

1947-ன் தொழில் தகராறு சட்டத்தின்படி ஆட்குறைப்பு செய்தால், வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அந்தப் பதினைந்து நாள் கணக்கு தொடர்கிறது. ஆட்குறைப்புக்கு உள்ளானவர் புதுத் தொழில் கற்றுக்கொள்ள இன்னொரு பதினைந்து நாள் சம்பளத்துக்கும் அதில் வழி செய்திருக்கிறார்கள். ஆனால், 'ராஜினாமா' செய்தவருக்கு இது எதுவுமே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் டைப் செய்த கடிதம் ஏன் தயாராக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்காக 2018-ல் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா வந்தது. வேலை போனால் சம்பளத்தில் 25 சதவிகிதம், அதுவும் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, 90 நாள் வரை. கொரோனா வந்த 2020-ல் அதை 50 சதவிகிதம் ஆக்கினார்கள். இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கியவர்களுக்கும், இ.எஸ்.ஐ.யே இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்கும் அதுவும் எட்டாது.

2025 ஆகஸ்ட் 1 முதல் மத்திய அரசின் புதுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. கூடுதலாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஒரு ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை. முதன்முதலாக பி.எஃப். கணக்கு தொடங்கி வேலைக்குச் சேருபவருக்கு 15,000 ரூபாய் வரை. நல்ல விஷயம்தான். ஆனால், அந்தப் பதினைந்தாயிரம் 'முதன்முதலாக'ச் சேருபவருக்கு. நாற்பத்திரண்டு வயதில் இரண்டாவது முறையாக முதலிலிருந்து ஆரம்பிப்பவர் அந்த வரிசையில் நிற்க முடியாது.

அவருக்கு இருக்கும் ஒரே இன்ஷூரன்ஸ் மச்சான், மாமனார், நகைக்கடன், பழைய காலேஜ் நண்பன். அதாவது நீங்களும் நானும். பிரீமியம் கட்டாத இன்ஷூரன்ஸ். அதனால்தான் க்ளெய்ம் கொடுக்கும்போது நாம் ஓர் அதிகாரி மாதிரி நடந்துகொள்கிறோம். 'எங்கெங்க அப்ளை பண்ணே? ஏன் அந்த வேலைக்குப் போகலை? இப்ப எதுக்குப் புதுச் சட்டை?' கேட்காவிட்டாலும் நினைக்கிறோம்.

அரசாங்கம் கொடுத்தால் ஒரு ஃபாரம் நிரப்பினால் போதும். நண்பன் கொடுத்தால் வாழ்க்கையையே காட்ட வேண்டியிருக்கிறது. வேலை போனவனுக்கு உதவி, சட்டப்படியான உரிமையாக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். அதனால் ஒரு வாரம், இரண்டு வாரம் தாமதம் வரலாம். அதை நான் மறுக்கவில்லை. ஒரு மனிதன் பதறாமல் அடுத்த வேலையைத் தேடுவதற்கும், பெண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாமல் இருப்பதற்கும் நாம் எல்லோருமாகக் கட்டும் பிரீமியம் அது. கொஞ்சம் அதிகமாகத் தோன்றினாலும் கட்டத் தகுந்த பிரீமியம்.

என் நண்பனுக்கு ஏழு மாதம் கழித்து வேறொரு இடத்தில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. முப்பதாயிரத்தையும் மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தான். கடைசித் தவணை அன்றைக்கு, "கணக்கு சரியாப் போச்சாடா?" என்று கேட்டான். "போச்சு" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி அவர்கள் எதற்காக ஓட்டலுக்கு வந்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறந்த நாளா, கல்யாண நாளா, சும்மா ஒரு நாளா... எதுவாக இருந்தாலும் அது எனக்குத் தெரியவேண்டிய விஷயமே இல்லை. இது புரிய எனக்கு இத்தனை வருஷமும், இல்லினாயும், டேட்டனும், மரியென்டாலும் தேவைப்பட்டிருக்கிறது.

அவன் என்னிடம் வாங்கியதை முழுக்கத் தீர்த்துவிட்டான். நான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு கவளம் சோறு மட்டும் இன்னும் என் கணக்கில் பற்றாகவே நிற்கிறது.